பொட்டு வைத்த போல்ட்

அத்தியாயம் 5

போலீஸ் ஸ்டேஷன் காம்பவுண்டில் நிற்கிற கார்களைப் பார்த்தாலே எனக்குப் பாவமாக இருக்கும். கேஸ் முடிந்து வீடு திரும்புவதற்குள் சீட்டுக்குள் செடி முளைத்துவிடும். இரும்புக்கடை துரையின் ஃபியட் இங்கே வந்து எட்டே நாள்தான். அதற்குள் ஒரு பூனை அதன் பானெட்டில் குடித்தனம் வந்துவிட்டது.

"பூனைய வேடிக்கை பாத்தது போதும், ஜுபைர். டார்ச்ச புடி" என்றாள் யசோதரா அக்கா.

அக்கா என் முதலாளி. மோதி நசுங்கிய கார்களை அளந்து இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்கு ரிப்போர்ட் எழுதும் சர்வேயராகப் பதினோரு வருஷம் இருந்தவள். ஒருநாள் ஒரு மேனேஜர் பொய் ரிப்போர்ட் எழுதச் சொன்னார். பேனாவை அவர் மேஜையிலேயே வைத்துவிட்டு எழுந்து வந்து, வியாசர்பாடியில் ஒரு மாடிப்படிக்குக் கீழே 'யசோதரா புலனாய்வு' என்று போர்டு வைத்துவிட்டாள். நான் தண்டையார்பேட்டை ஜுபைர். பைக் ஓட்டுவது, டீ வாங்குவது, தேவையில்லாத இடத்தில் வாயை விடுவது, மூன்றும் என் டிபார்ட்மெண்ட்.

விஷயம் இதுதான். அந்த 2001-ஆம் வருஷ விஜயதசமி காலை ஏழேகாலுக்கு, எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் ராயபுரம் நோக்கி வந்துகொண்டிருந்த இந்தப் பதினைந்து வயது ஃபியட்டின் இடது முன் சக்கரம் தனியாகக் கழன்று ஓடியது. கார், கடலரிப்பைத் தடுக்கக் கொட்டி வைத்த பாறைகளில் போய் மோதியது. பின் சீட்டில் இருந்த மதி அங்கேயே போய்விட்டாள். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் கடை வைத்திருக்கும் துரைக்கு ஒரே மகள். இருபத்திரண்டு வயது. துறைமுகத்துப் பக்கம் ஒரு ஷிப்பிங் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

ஓட்டிய மாரியப்பனுக்குக் கை முறிந்தது. கட்டோடு ஜெயிலில் இருக்கிறான். சக்கரத்தின் போல்ட்டுகளை அவன்தான் வேண்டுமென்றே கழற்றி வைத்தான் என்று துரை புகார் கொடுக்க, போலீஸ் கொலை வழக்குப் போட்டுவிட்டது.

போலீஸ் கையில் இரண்டு துருப்புச் சீட்டு. பூஜைக்கு முதல் நாள், மார்க்கெட்டில் பத்துப் பேர் முன்னால் மாரியப்பன் துரையைப் பார்த்து, இந்த வீல் ஒருநாள் கழன்றுகொண்டு போகத்தான் போகிறது என்று கத்தியிருக்கிறான். துரை அவன் கன்னத்தில் அறைந்திருக்கிறார். இது ஒன்று. ஆயுத பூஜை அன்று சாயங்காலம் அவன் வீட்டுக்குள் வந்து வீல் ஸ்பேனர் கேட்டான், நான் கொடுக்கவில்லை என்று துரையின் மனைவி குப்பம்மா வாக்குமூலம் கொடுத்திருக்கிறார். இது இரண்டாவது. அந்த ஸ்பேனர் கிடைக்காமல் வேறு ஸ்பேனரால் கழற்றிவிட்டான் என்பது இன்ஸ்பெக்டர் செங்குட்டுவனின் முடிவு.

மாரியப்பனின் மனைவி குணசுந்தரிதான் எங்களைத் தேடி வந்தவள். இறால் உரிக்கும் கம்பெனியில் வேலை. அந்த வாசனையோடு தினமும் எங்கள் மாடிப்படிக்குக் கீழே வந்து உட்கார்ந்துவிடுவாள். மதியை ஸ்கூலில் விட்டு அழைத்து வந்தவனே தன் புருஷன்தான், அவன் போய் இதைச் செய்வானா என்று கேட்பாள். நாளைக்கு ஜாமீன் மனு விசாரணை. இன்று எதையாவது பிடித்தால்தான் உண்டு. இல்லையென்றால் அவன் வெளியே வர எத்தனை வருஷம் ஆகுமோ, யாருக்குத் தெரியும்?

முந்தின நாள் அக்கா ஜெயிலுக்குப் போய் மாரியப்பனையே கேட்டுப் பார்த்தாள். நான் கழற்றவில்லை என்றான். அப்படியானால் ஸ்பேனர் எதற்குக் கேட்டாய் என்றதும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். மனு போட்டு, வரிசையில் நின்று, உள்ளே போய், ஒரு முதுகைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். எனக்கு வந்த கோபத்துக்கு அவனுடைய இன்னொரு கையையும் முறித்திருப்பேன்.

டார்ச் வெளிச்சத்தில் சக்கரங்களைப் பார்த்தேன். பழைய ஃபியட்டுக்குக் கொஞ்சமும் பொருந்தாத பளபளப்பு. ஏதோ வெளிநாட்டுக் கம்பெனிக் காரின் அலாய் வீல்கள். தாத்தாவுக்கு கூலிங் கிளாஸ் மாட்டின மாதிரி இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். அக்கா முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

மீதி மூன்று சக்கரத்திலும் சக்கரத்துக்கு நான்கு போல்ட். ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் மஞ்சளும் சந்தனமும் குழைத்து அப்பி, மேலே குங்குமம் வைத்திருந்தது. எட்டு நாளில் அது காய்ந்து பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. அக்கா ஒரு போல்ட்டின் கழுத்தை இரண்டு விரலால் பிடித்துத் திருகினாள். அது சுற்றியது.

"கையாலயே சுத்துதுக்கா" என்றேன்.

"சுத்துது. ஆனா மூலையப் பாரு."

பார்த்தேன். போல்ட் தலைக்கு ஆறு மூலை. ஸ்பேனர் போட்டால் அது கவ்வுவதே அந்த மூலைகளைத்தான். ஒரே ஒரு திருப்பு திருப்பியிருந்தாலும் மூலைகளில் காய்ந்த மஞ்சள் உரிந்திருக்கும். ஆறு மூலையிலும் மஞ்சள் அப்படியே இருந்தது. பூஜைக்குப் பிறகு எந்த ஸ்பேனரும் இவற்றைத் தொடவே இல்லை. தானாகத்தான் தளர்ந்திருக்கிறது.

ஓடிப்போய் இன்ஸ்பெக்டரை இழுத்து வந்தேன். செங்குட்டுவன் கெட்ட மனுஷன் இல்லை, களைத்த மனுஷன். குனிந்து பார்த்தார், தாடையைத் தடவினார். மோதின வேகத்தில் போல்ட் ஆடித் தளர்ந்திருக்கலாம், அவன் கை வைத்தது கழன்று ஓடின சக்கரத்தில் மட்டும்தான் என்று சொல்லிவிட்டார். அந்தச் சக்கரத்தின் போல்ட்டைக் காட்டுங்கள், அதிலும் மஞ்சள் இப்படியே இருந்தால் நான் கேட்கிறேன் என்றார். அந்த நான்கில் ஒன்றைக்கூட போலீஸ் எடுக்கவில்லை. கன்டெய்னர் லாரி ஓடுகிற ரோட்டில் போல்ட் தேடினால் நாங்கள்தான் அடிபட்டுச் சாவோம் என்றார்.

ஆக, ஒரு போல்ட். நாலு விரற்கடை நீளம். எட்டு நாள் முன்னால் விழுந்தது. இடையில் மூன்று நாள் மழை வேறு. எங்கள் ஆபீசுக்கு வருகிற கேஸெல்லாம் இப்படித்தான்.

முதலில் ராயபுரத்துக்கு வண்டியை விடச் சொன்னாள் அக்கா. வீல் எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டுமாம். செகண்ட் ஹேண்ட் வீல் விற்கிற ஜஹாங்கீர் எனக்குப் பழைய தோஸ்து. என்னைப் பார்த்தால் தோளில் கை போட்டு டீ சொல்லுகிறவன். ஃபியட் என்று சொன்னதும் அவன் கையிலிருந்த பீடி கீழே விழுந்தது.

அந்தப் பெண்ணே நேரில் வந்து வாங்கினாளாம். அப்பாவின் பழைய காருக்குப் புது வீல் மாட்டி ஆயுத பூஜைக்கு நிறுத்த வேண்டும், முதல் சம்பளத்தில் வேறு என்ன வாங்கிக் கொடுப்பது என்றாளாம். கூட வந்தது டிரைவர் மாரியப்பன். இது வேறு கம்பெனிக் காரின் வீல், ஃபியட்டுக்கு நேராக உட்காராது என்று ஜஹாங்கீர் சொல்லித்தான் பார்த்திருக்கிறான்.

"இதுல நாலு ஓட்டை கீது, அதுலயும் நாலு கீது, அப்பறம் இன்னா?" என்று கேட்டேன்.

ஜஹாங்கீர் ஒரு வீலைப் புரட்டிப் போட்டுக் காட்டினான். எதிரும் புதிருமாக இருக்கிற ஓட்டைகளுக்கு நடுவே ஃபியட்டில் தொண்ணூற்றெட்டு மில்லிமீட்டர், இதில் நூறு.

"ரெண்டே மில்லி மாமு. கண்ணுக்குத் தெரியாது. நல்லா உக்காந்த மாரியேதான் இருக்கும். ஓட ஓட ஒவ்வொரு போல்ட்டா லூஸாவும்."

நடுவில் ஒரு தகடு கடைந்து போட்டால்தான் சரிவரும், பூஜை முடியட்டும், கடைந்து தருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். அப்பா பார்த்துக்கொள்வார், அவர் இரும்பிலேயே பொறந்தவர் என்று சிரித்துக்கொண்டே வீலை டிக்கியில் ஏற்றச் சொல்லிவிட்டாள் மதி. அப்படி மாட்டினாலும் ஐம்பது கிலோமீட்டர் ஓடினதும் எல்லா போல்ட்டையும் ஒருதடவை இறுக்கிவிடு என்று மாரியப்பனிடம் தனியாகச் சொல்லி அனுப்பியிருக்கிறான் ஜஹாங்கீர். மாரியப்பன் இரண்டு தடவை திருப்பிக் கேட்டுக்கொண்டானாம்.

இதை நான் காதில் வாங்கியதோடு சரி. அக்கா நோட்டில் எழுதிக்கொண்டாள். எழுதி முடித்தபின் அந்த வரிக்குக் கீழே ஒரு கோடு போட்டாள். என்னக்கா என்றேன். வண்டியை எடு என்றாள்.

விபத்து நடந்த இடத்துக்கு எதிரில், தார்ப்பாய்க்குக் கீழே அஜீசுன்னிசா என்கிற அம்மாள் டீக்கடை வைத்திருந்தார். கடல் பாறையில் ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரம் ரோட்டோரச் சேற்றைக் குச்சியால் கிளறினோம். கிடைத்தவை: ஒரு செருப்பு, மூன்று பாட்டில் மூடி, லாரிக்காரன் ஒருவனின் வசவு. போதும் வாக்கா, போய்விடலாம் என்று சொல்லி டீ குடிக்க உட்கார்ந்தேன். கடைக்குப் பக்கத்தில் தரையில் ஒரு பெயின்ட் டப்பா கவிழ்ந்திருந்தது. அதன்மேல் ஒரு பெரிய கல். காலை நீட்ட இடைஞ்சலாக இருக்கிறதே என்று டப்பாவைத் தள்ளப் போனேன்.

"தொடாத நைனா" என்று அதட்டினார் அஜீசுன்னிசா. "மந்திரிச்சிப் போட்ட சாமான் அதுல கீது."

ஆக்ஸிடெண்ட் அன்று காலையில் அது உருண்டு வந்து அவர் கடை வாசலிலேயே நின்றதாம். இரும்பு, மஞ்சள், குங்குமம். யாரோ சூனியம் வைத்து அனுப்பியிருக்கிறார்கள், அதை மிதித்துத்தான் கார் பாறையில் மோதியது என்று தெருவே முடிவுகட்டிவிட்டது. கையால் தொட பயம். தூக்கிப் போடவும் பயம். துடைப்பத்தால் ஓரமாகத் தள்ளி, பிள்ளைகள் மிதித்துவிடாமல் டப்பாவைக் கவிழ்த்துக் கல்லை வைத்துவிட்டார்கள். தெரு பெருக்குகிறவர்கூட எட்டு நாளாக அதைச் சுற்றிக்கொண்டு போகிறாராம்.

அக்கா கல்லை எடுத்தாள், டப்பாவைத் தூக்கினாள். போல்ட். ஒரு சொட்டு மழை படவில்லை. ஒரு விரல் படவில்லை. கைக்குட்டையால் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். ஒரு பக்கம் ரோட்டில் உரசி மஞ்சள் கொஞ்சம் தேய்ந்திருந்தது. மற்றபடி மூலைகளில் அப்பின மஞ்சள் அப்பினபடியே இருந்தது. நடுவில் குங்குமம்.

நான் ஆடியே விட்டேன். அஜீசுன்னிசா எனக்கும் சூனியம் ஏறிவிட்டது என்று நினைத்து இரண்டடி தள்ளி நின்றார். பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி, குணசுந்தரியின் கம்பெனிக்குப் போன் போட்டு, நாளைக்கு உன் புருஷன் வூட்டுக்கு வந்துருவாரு, ஸ்டேஷனுக்கு வந்து நில்லு என்று சொல்லிவிட்டேன். மறுமுனையில் அவள் அழுத அழுகையில் எனக்கும் கண் கலங்கிவிட்டது. திரும்பி வந்தால், அக்கா ஆறிப்போன டீயைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாக்கா, ஜெயிச்சிட்டோமே."

"இது அந்தக் காரு போல்ட்டுன்னு யார் சொல்லுவா? பொட்டு வெச்சவங்கதான சொல்லணும்?"

"குப்பம்மாவ கேட்டா சொல்லிடப் போறாங்க."

"சொல்லிடுவாங்க" என்றாள் அக்கா. "அதான்."

எனக்கு அப்போதும் புரியவில்லை. திருவொற்றியூருக்கு வண்டியைத் திருப்பினேன்.

துரையின் வீட்டில் முன் அறையில் அவர் மட்டும் இருந்தார். ஆஜானுபாகுவான ஆள் என்று கேள்விப்பட்டிருந்தேன். நாற்காலியில் இருந்தவருக்கு சட்டை தொளதொளவென்று தொங்கியது. மனைவி உள்ளே படுத்திருப்பதாகச் சொன்னார். அக்கா கைக்குட்டையைப் பிரித்து போல்ட்டை டீப்பாயில் வைத்தாள். ரெண்டு மில்லிமீட்டர் கதையைச் சொன்னாள். மீதி மூன்று வீலிலும் ஓட்டைகளை யாரோ உருண்டை அரத்தால் ராவி அகலப்படுத்தியிருப்பதை ஸ்டேஷனிலேயே கவனித்ததாகச் சொன்னாள். மூலையில் மஞ்சள் உரியாததைச் சொன்னாள். துரை மறுப்பார், கத்துவார் என்று நான் கதவுப் பக்கமாக நகர்ந்து நின்றுகொண்டேன்.

அவர் கத்தவில்லை. நான்தான் ராவினேன் என்றார்.

மூன்று நாள் முன்பு ஸ்டேஷனுக்குப் போய் மீதி வீல்களைப் பார்த்தாராம். தன் அரம் பட்ட இடம் தனக்குத் தெரியாதா என்றார். மகள் ஆசையாக வாங்கி வந்ததைப் பொருந்தாது என்று திருப்பிக் கொடுக்க மனசு வரவில்லை. நாற்பது வருஷமாக இரும்போடு மாரடித்தவனுக்கு இது ஒரு வேலையா என்று கடையில் உட்கார்ந்து தானே ராவி, தன் கையாலேயே மாட்டி, தன் கையாலேயே இறுக்கியிருக்கிறார். ஓட்டிப் பார்த்த மாரியப்பன் சக்கரம் ஆடுகிறது, கழன்று போகும் என்று பத்துப் பேர் முன்னால் சொல்லவும் அவமானமாகப் போய்விட்டது. கை நீட்டிவிட்டார்.

அந்தக் கன்னத்து அறைதான் என்று எனக்குச் சுருக்கென்றது. எச்சரித்தவனை மிரட்டினவனாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

"அப்பறம் ஏன்யா அந்த ஆள உள்ள வெச்சிகினுகீற?" என்று கேட்டுவிட்டேன். வயசுக்கு மரியாதை கொடுத்துக் கேட்கும் நிலையில் நான் இல்லை. அங்கே ஒருத்தி இறால் ஓட்டால் கிழிந்த கையோடு ஸ்டேஷன் வாசலில் நிற்கப்போகிறாள். இந்த ஆள் மூன்று நாளாகத் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்.

துரை என்னைப் பார்க்கவில்லை. உள் அறைக் கதவைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நான் வந்து சொல்லிடறேம்மா. நான்தான் மாட்டுனேன், என்ன உள்ள போடுன்னு சொல்லிடறேன். இன்னிக்கே வரேன். ஸ்பேனரு விஷயம் மட்டும் பேசாதீங்க. அவளுக்குத் தெரிய வேணாம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முட்டாள் மாதிரி ஒரு மணி நேரம் ஆடிவிட்டு அப்போதுதான் உறைத்தது.

ஐம்பது கிலோமீட்டர் ஓடினதும் இறுக்க வேண்டும். ஆயுத பூஜை அன்று மத்தியானம் குடும்பத்தோடு கோயிலுக்கும் கடைக்கும் போய் வந்தார்கள் என்று குணசுந்தரி சொல்லியிருந்தாள். சக்கரம் திரும்பவும் ஆடியிருக்கும். சாயங்காலம் மாரியப்பன் ஸ்பேனர் கேட்டுப் போனான். காரின் ஸ்பேனரோ சாமி முன்னால், பூஜையில். பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் மறுபூஜை போட்ட பிறகுதான் எடுக்க வேண்டும். அது வரைக்கும் யாரும் தொட மாட்டார்கள். வேறு எங்கே போவான்? அன்றைக்குத் திருவொற்றியூரில் பஞ்சர் கடையிலிருந்து லேத் பட்டறை வரை அத்தனை ஸ்பேனரும் பொட்டு வைத்துக்கொண்டு சாமிக்கு முன்னால்தானே கிடந்தன. எதற்கு என்று விளக்கிச் சொல்லியிருக்கலாம். முந்தின நாள்தான் அதைச் சொல்லி அறை வாங்கினவன். ஸ்பேனர் வேணும்மா என்றான். காலையில் மறுபூஜை ஆகட்டும் என்றார் குப்பம்மா. மறுபூஜை ஒன்பது மணிக்கு வைத்திருந்தோம் என்றார் துரை. ஷிப்பிங் ஆபீசுக்கு லீவு இல்லை, மதி ஏழு மணிக்கே கிளம்பிவிட்டாள்.

மெதுவாக ஓட்டினால் போய்விடலாம் என்று ஸ்டீயரிங்கைப் பிடித்த மாரியப்பன், ஜெயிலில் ஏன் சுவரைப் பார்த்தான் என்பதும் புரிந்தது. ஆடுகிறது என்று தெரிந்தே அவளை ஏற்றிக்கொண்டு கிளம்பினவன் அவன். அவன் கணக்கில் அவன் இருக்க வேண்டிய இடம் ஜெயில்தான்.

பதினோரு வருஷ சர்வேயரிடம் பொய் ரிப்போர்ட் கேட்டது இரண்டாவது ஆள். முதல் ஆளிடம் பேனாவை வைத்துவிட்டு வந்த அக்கா, இந்த முறை பேனாவின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். துரையின் வாக்குமூலம், அரம் ராவின ஓட்டை, மூலை உரியாத போல்ட், இவையே போதுமா, ஸ்பேனர் பேச்சை எடுக்காமலே மாரியப்பனை வெளியே கொண்டுவர முடியுமா என்று அவள் மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. முடிந்தால் முடியட்டுமே என்றுதான் நானும் நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன்.

உள் அறைக் கதவு திறந்தது. குப்பம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். யாரையும் கேட்கவில்லை. டீப்பாய்க்கு முன்னால் குனிந்து போல்ட்டைக் கையில் எடுத்தார்.

"இது நான் வெச்ச பொட்டு" என்றார். பழைய வீலுக்கு மூடி இருக்கும், ஒரு பொட்டோடு முடிந்துவிடும். இதில் போல்ட்டெல்லாம் வெளியே தெரிந்ததால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வைத்தேன், மதி நின்று எண்ணினாள், பதினாறு என்றார்.

துரை அவர் தோளைப் பிடித்து உள்ளே போ என்றார். அவர் நகரவில்லை. ஸ்பேனர் போட்டுக் கழற்றியிருந்தால் மஞ்சள் உதிர்ந்திருக்குமே என்று கேட்டார். பெண்பிள்ளைக்கு இதெல்லாம் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். நாற்பது வருஷ இரும்புக்காரர் வீட்டுக்காரி. ஆமாம் என்றாள் அக்கா, வேறு வழியில்லாமல்.

"அப்ப அவன் கயட்டல."

"கயட்டலம்மா."

குப்பம்மா போல்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு புருஷனைப் பார்த்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அக்காவைப் பார்த்தார். அக்கா ஜன்னலைப் பார்த்தாள். கடைசியில் என்னிடம் வந்து நின்றார்.

"நீ சொல்லு நைனா. அன்னிக்கு எதுக்கு ஸ்பேனர் கேட்டான்?"

எனக்கு எதற்கும் ஒரு பதில் உண்டு. ஊரே சொல்லும். தெரியாதும்மா என்று சொல்லியிருக்கலாம். ஸ்டெப்னி மாத்த இருக்கும் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. அந்த அம்மா கண்ணைப் பார்த்துக்கொண்டே சொல்ல வரவில்லை. ஸ்டேஷன் வாசலில் குணசுந்தரி வேறு நின்றுகொண்டிருப்பாள்.

"டைட் வெக்கறதுக்கும்மா" என்றேன்.

அவர் அழுவார், விழுவார் என்று கையை நீட்டியபடியே நின்றேன். அவர் போல்ட்டைத் திரும்பக் கைக்குட்டையில் வைத்து, மூலைகளை மடித்தார். உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்தார். ஸ்டேஷனுக்குப் போகலாம் என்றார்.

வாசலில் அக்கா என் கையைப் பிடித்தாள். நீ சொல்லாமல் இருந்திருந்தால் நான் பொய் சொல்லியிருப்பேன் என்றாள். பாராட்டுகிறாளா திட்டுகிறாளா என்று தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது.

ஸ்டேஷனில் செங்குட்டுவன் போல்ட்டை லென்ஸ் வைத்துப் பார்த்தார். துரையின் வாக்குமூலத்தை எழுதி, அவரைப் பக்கத்து அறையில் உட்காரச் சொன்னார். அவர்மீது தனி வழக்கு வரும், நாளைக்கு மாரியப்பனின் ஜாமீனைப் போலீஸ் எதிர்க்காது என்றார். வெளியே அதைக் கேட்ட குணசுந்தரி ஓடிவந்து குப்பம்மாவின் காலில் விழுந்தாள். என் தாலியக் காப்பாத்தின தாயி என்றாள். ஏன் வந்தார், என்ன சொல்லப்போகிறார் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது. நான் அவளைத் தூக்கி, தோளைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தேன்.

குப்பம்மா சொல்லச் சொல்ல இன்ஸ்பெக்டர் எழுதினார். பாதியில் நிமிர்ந்து, இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே அம்மா என்று கேட்டார். கடுமையாகக் கேட்கவில்லை. கேட்டுப் பழகிய வாய்.

"மொத நாளே சொன்னனே சார். ஸ்பேனர் கேட்டான், நான் குடுக்கலன்னு. நீங்கதான எழுதிகினீங்க."

செங்குட்டுவன் ஃபைலைப் புரட்டிப் பழைய வாக்குமூலத்தை எடுத்தார். புதிய தாளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். இரண்டிலும் அதே வரிதான் இருந்தது. அவர் பேனாவை நீட்டினார். குப்பம்மா எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போட்டார்.

"நாளைக்கு உங்க வூட்டுக்காரர் வந்துருவாரும்மா. நீங்க வூட்டுக்குப் போலாம்" என்றார் இன்ஸ்பெக்டர்.

குப்பம்மா நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை.

"வூட்டுக்குப் போயி?" என்று கேட்டார்.